நொடி

முதுகலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும்போது நாம் ஆண்டுதோறும் ஒரு சிறிய பயிற்சி வைப்பதுண்டு. கரும்பலகையில் 'கிளிக்' என்று தமிழெழுத்தில் எழுதிப்போட்டு, இதற்குத் தமிழ் என்ன என்று கேட்போம். கணினி பழகியவர்கள் உடனே 'சொடுக்கு' என்பார்கள். சிலர் 'அழுத்து' என்பார்கள். ஒருவர் 'டக்' என்று சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பார். சென்ற ஆண்டு கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். திருச்சுழிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமம் அவளுக்கு. "சார், சொடக்குத் தக்காளிய நெத்தியில அடிச்சா வருமே, அந்தச் சத்தம்தான?" என்றாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதைக் கடந்த பின் அந்தச் செடியின் பெயரைக் காதால் கேட்டது அன்றுதான்.

நகரத்து அன்பர்களுக்காக ஒரு விளக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலங்களில், பருத்திக்கும் சோளத்துக்கும் நடுவே தானாக முளைக்கும் களைச்செடி சொடக்குத் தக்காளி. அதன் காயை மெல்லிய பை ஒன்று மூடியிருக்கும். காற்றடைத்த அந்தப் பையைப் பறித்து நெற்றியில் ஓங்கி அடித்தால் 'சொடக்' என்று வெடிக்கும். உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு பழம். வெடிப்பது விளையாட்டுக்கு, பழம் வாய்க்கு. காசு கொடுத்து வாங்கும் தின்பண்டம் அரிதாயிருந்த ஊர்களில் பிள்ளைகளுக்குச் செடியே இரண்டையும் கொடுத்தது.

அன்று மாலை வீடு திரும்பும்போது அந்த ஒற்றைச் சத்தம் நம்மை விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து போனதன் பதிவே இக்கட்டுரை. போய்ச் சேர்ந்த இடம் நாம் எதிர்பார்த்தது அன்று.

*

ஆங்கிலத்தில் 'கிளிக்' என்ற சொல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே எழுத்தில் காணப்படுகிறது. அது ஒலியைப் பார்த்து ஒலி செய்த சொல். பூட்டில் சாவி விழுவது, படைவீரன் குதிகால்களைச் சேர்ப்பது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பது எல்லாம் கிளிக்தான். பின்னர் அச்சொல் ஓசையை விட்டுப் பொருளுக்குள் நுழைந்தது. இருவர் பார்த்தவுடன் மனம் ஒத்துப்போனால் கிளிக். விளங்காதிருந்த ஒன்று திடீரென விளங்கினால் கிளிக். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கப் படைவீரர் பேச்சில் ஒரு கிலோமீட்டர் தூரமும் ஒரு கிளிக். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு பெட்டியை மேசைமேல் நகர்த்தித் திரையில் புள்ளியை ஓடவிட்டுக் காட்டினார். உலகம் சுட்டியை முதன்முதலாகப் பார்த்த நிகழ்ச்சி அது. அதன் பிறகு அச்சொல்லுக்குக் கிடைத்த வாழ்வை நாம் அறிவோம்.

நம்மவரும் அதை விட்டுவைக்கவில்லை. "படம் கிளிக் ஆயிருச்சு" என்றால் ஓடிவிட்டது என்று பொருள். "நாலு கிளிக் எடு" என்றால் நான்கு புகைப்படம். கணினிக்குத் தமிழ் வேண்டும் என்று உழைத்தவர்கள் இச்சொல்லுக்கு எதிரே 'சொடுக்கு' என்பதை வைத்தார்கள். நல்ல தேர்வு. ஒலியும் இருக்கிறது, விரலும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல் வெறுங்கையோடு வரவில்லை. சாட்டையைச் சொடுக்குவார்கள். மாட்டுவண்டிக்காரர் கையில் அது வழிகாட்டும் ஓசை, வேறு கைகளில் வேறு ஓசை. சோம்பல் வந்தால் விரலில் சொடக்கு எடுப்பார்கள். பெரியவர்கள் கொட்டாவி விடும்போது வாய்க்கு நேரே சொடுக்கிக்கொள்வார்கள். குழந்தையின் முகத்தை இரு கையாலும் வழித்துத் தம் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிக்கும் பாட்டிகளுக்கு அந்தச் சொடக்குகளின் எண்ணிக்கையே கண்ணேறின் கணக்கு. இன்னும் ஒன்று உண்டு. தெருவில் போகிறவனைப் பெயர் சொல்லாமல், "தம்பி" என்றும் சொல்லாமல், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது. கூப்பிடுகிறவன் மேலே இருக்கிறான், கூப்பிடப்படுகிறவன் கீழே இருக்கிறான் என்பதைச் சொல்ல அந்த ஓசைக்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.

*

நாக்கால் எழுப்பும் கிளிக் ஒலி தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா மொழிகளில் மெய்யெழுத்தாகவே இருக்கிறது. 'கோசா' என்ற பெயரின் முதலொலியே அத்தகையது. அதை நம் எழுத்தால் சரியாக எழுத முடியாது. நாமும் இரக்கம் வந்தால் உச்சுக்கொட்டுகிறோம், மாட்டை ஓட்ட நாக்கைத் தட்டுகிறோம். ஆனால் நம் இலக்கண உரைகள் முற்கு, வீளை முதலியவற்றை எழுத்தாகா ஓசைகள் என்று வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன.

வெளியே நிறுத்தப்பட்ட அதே இனத்து ஓசை ஒன்று இலக்கணத்தின் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் வியப்பு. தொல்காப்பியர் மாத்திரைக்கு இரண்டு அளவு சொல்கிறார். ஒன்று கண்ணிமை, மற்றொன்று நொடி. நொடி என்பது கைநொடி, அதாவது விரற்சொடக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு முழுவதும் ஒரு சொடக்கின் மேல் நிற்கிறது. அந்தச் சொடக்கையும் நான்காகப் பகுத்து வைத்தார்கள் பின்வந்தோர். நொடிக்க நினைப்பது கால் மாத்திரை. விரலோடு விரலை ஊன்றுவதற்குள் அரை. முறுக்குவதற்குள் முக்கால். விடுக்கும்போது ஒன்று முழுமையாகிறது.

2021இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களின் ஆய்வு ஒன்று, விரற்சொடக்கை அதிவேகப் படக்கருவியால் எடுத்து அளந்தது. கட்டைவிரலில் இருந்து விடுபட்ட நடுவிரல் உள்ளங்கையில் மோத எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏழு பங்கு. கண்ணிமைப்பைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவு. அப்படியானால் இமையும் நொடியும் ஓரளவு என்று சொன்ன தொல்காப்பியர் பிழைபட்டாரா என்று நாம் சற்றுத் தடுமாறினோம். பிறகு விளங்கியது. அவர்கள் அளந்தது விடுத்தலை மட்டும். நம் முன்னோர் நினைத்தலில் இருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஊன்றியும் முறுக்கியும் விரலில் சேர்த்துவைத்த விசைதான் இறுதியில் ஓசையாகிறது என்பதை அவ்வாய்வும் சொல்கிறது. உராய்வு மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் சொடக்கு சரியாக விழாது.

நொடி என்ற சொல் பின்னர் பல வழிகளில் போயிற்று. இன்று கடிகாரத்தின் விநாடி அது. விடுகதைக்கும் நொடி என்று பெயர் உண்டு. சொல்லுதல் என்ற பொருளும் இருந்திருக்கிறது. திருச்சுழியைப் பாடிய சுந்தரர் தம் கடைசிப் பதிகத்தைப் பாடியது நொடித்தான்மலை என்னும் கயிலையின் மேல். அங்கே நொடித்தல் என்பதற்கு அழித்தல் என்று பொருள் கொள்வர். நம் பக்கத்துப் பேச்சில் இன்றும் வாழ்வது அந்தக் கடைசிப் பொருள்தான். கடன்பட்டுக் கைமுதல் இழந்து நிற்கும் குடும்பத்தை "நொடிச்சுப் போச்சு" என்பார்கள்.

*

கரிசலுக்குப் பொருத்தமான இன்னொரு சொடக்கு குறுந்தொகையில் இருக்கிறது. பதினாறாம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. தலைவன் கள்ளிக்காட்டைக் கடந்து போயிருக்கிறான். அங்கே சிவந்த கால்களையுடைய பல்லி தன் துணையை அழைக்கிறது. அந்த ஒலி எப்படி இருக்கிறது என்றால், வழிப்பறி செய்யும் கள்வர் தம் அம்பைச் செப்பம் செய்ய அதன் முனையை நகத்தின் நுனியில் புரட்டிப் பார்க்கும்போது எழும் ஓசை போல இருக்கிறதாம். அவ்வொலியைக் கேட்டும் அவர் நம்மை நினைக்கமாட்டாரா என்கிறாள் தோழி.

இரும்பு நகத்தில் படும் ஓசை எத்தனை சிறியது! காட்டில் வேறு ஓசையே இல்லாவிட்டால்தான் அது கேட்கும். அந்த ஒரே சிற்றொலி ஒருவனுக்குக் கொலையின் அறிகுறியாகவும், ஓர் உயிர் தன் துணையைக் கூப்பிடும் அழைப்பாகவும் இருக்கிறது. யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. இப்பாட்டைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். உவமைநயம் என்று சொல்லிக் கடந்திருக்கிறோம். அந்த ஓசை காதிலேயே விழாத ஒருவர் நம் வீட்டில் இருக்கிறார் என்பதை அதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

*

நம் தந்தையார் அருப்புக்கோட்டையில் நெசவு செய்தவர். நமக்கு நினைவு தெரிந்த நாளில் வீட்டின் முன்கட்டில் குழித்தறி இருந்தது. அய்யா குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். வலக்கை கயிற்றை இழுக்கும், நாடா பாவின் ஊடே ஓடும், இடக்கை அச்சை அடிக்கும். 'டக்' என்று நாடா போய் நிற்பது ஒன்று, 'தட்' என்று அச்சு விழுவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அவர் பேசுவார். நாம் வாய்ப்பாடு ஒப்பித்தால் திருத்துவார். நூல் அறுந்தால் ஓசை மாறும், சமையற்கட்டில் இருந்தே அம்மா "இழை போச்சு" என்பார்கள். கைத்தறி மனிதப் பேச்சோடு ஒத்துப்போகிற சத்தம்.

1985இல் கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்க வழி செய்யும் சட்டத்தை இந்திய அரசு இயற்றியது. அந்தப் பட்டியல் பிற்பாடு 11 வகைகளாகச் சுருங்கிவிட்டது. சட்டம் இருந்தும் ஊர் விசைத்தறிக்குப் போயிற்று. அய்யாவும் போனார். முன்கட்டுக் குழியை மண் போட்டு மூடிச் சாணம் மெழுகியபோது அவர் வீட்டில் இல்லை, தறிக்கொட்டகையில் இருந்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் நின்ற இடம் ஓடும் விசைத்தறிகளின் நடுவே. அங்கே இடைவெளி கிடையாது. 'டக்'கும் 'தட்'டும் ஒன்றாகி ஒரே இரைச்சல். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் உள்ள உச்ச அளவு. விசைத்தறிக் கூடங்கள் அதை எளிதில் தாண்டிவிடும். பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வதே அவர்கள் அறிந்த பாதுகாப்பு.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை ஒரே நாளில் வருவதில்லை, எல்லா ஓசையையும் ஒருசேரக் கொண்டு போவதும் இல்லை. நான்காயிரம் ஹெர்ட்ஸ் அளவிலுள்ள உயர்ந்த, கூரிய ஒலிகளைத்தான் அது முதலில் தின்னும். இடி கேட்கும், பேருந்து கேட்கும். பல்லி கேட்காது. மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். பேச்சில் ஆ, ஓ போன்ற ஒலிகள் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அவை அய்யாவுக்குக் கேட்கின்றன. ச, ட, க போன்றவற்றின் கூர்மைதான் கேட்பதில்லை. ஆகவே நாம் பேசுவது அவருக்குத் தெரிகிறது, என்ன பேசினோம் என்பது தெரிவதில்லை. இலக்கணம் படித்த நமக்கு அதை வேறு விதமாகச் சொல்லத் தோன்றியது. அவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை.

அந்தக் கொட்டகையில் அய்யாவின் கடைசி வேலைநாளைப் பற்றி அம்மா சொல்லித்தான் தெரியும். கொட்டகையின் உரிமையாளர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தறி நின்றிருக்கும் நேரத்தில் வாசலில் நின்று விரலைச் சொடுக்குவார். அன்று மின்வெட்டு. தறிகள் நின்றிருந்தன. அவர் ஒருமுறை சொடுக்கினார். அய்யா முதுகைக் காட்டி நின்று தாரில் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் சொடுக்கினார். மூன்றாம் முறை சொடுக்காமல் கத்தினார். கூப்பிட்டால் திரும்பாத அளவுக்குத் திமிரா என்று கேட்டாராம். அய்யா காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காது மந்தம் என்று தெரிந்தால் வேறு கொட்டகையிலும் வேலை கிடைக்காது என்ற அச்சம். திமிர் என்ற பழியோடே கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள், நமக்கு நிலையான வேலை கிடைக்கும் வரை, வீடு நொடித்துத்தான் போயிருந்தது.

*

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் இனிச் சொல்லப்போவது நடந்தது. அதனாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

சொடக்குத் தக்காளியைக் கேட்ட அதே வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அய்யாவின் பெயரில் ஒரு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தோம். இணைப்பு போய்ப் போய் வந்தது. 'தொடர இங்கே சொடுக்கவும்' என்ற கட்டத்துக்கு மேல் ஒரு கேள்வி. எந்த ஆண்டு விசைத்தறிக்குப் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். அருகில் அமர்ந்து அவர் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கேட்டோம். குரலை உயர்த்தி மீண்டும் கேட்டோம். நேரம் கடந்தால் பக்கம் முதலில் இருந்து தொடங்கும் என்று திரை எச்சரித்தது. சுட்டியில் இருந்து கையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி இரண்டு முறை சொடுக்கினோம்.

நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல். நினைத்தலுக்குக் கால் மாத்திரை கொடுத்திருக்கிறது இலக்கணம். அந்தக் கால் மாத்திரையில் நாம் எதை நினைத்தோம் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அய்யா திரும்பினார். நம் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "கை தெரியுதுய்யா, சத்தந்தான் வரல" என்றார். அதில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை என்றுதான் அவர் காட்டிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார், "கூப்பிடணும்னா தோளத் தொடு. தறியில நாங்க அப்படித்தான் கூப்பிட்டுக்கிருவோம்."

அப்போதுதான் அந்தச் செய்தி நமக்குத் தெரிந்தது. இரைச்சலுக்குள் நிற்கும் நெசவாளிகள் ஒருவரையொருவர் அழைக்க ஓசையைக் கைவிட்டு எத்தனையோ ஆண்டாயிற்று. தோளைத் தொடுவார்கள். கண்ணைக் காட்டுவார்கள். உதட்டை அசைத்துப் பேசுவார்கள். ஓசையால் அழைத்தவர் வாசலில் நின்றவர் ஒருவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் வாசற்பக்கம் நின்றோம்.

விண்ணப்பம் அன்று முடியவில்லை. கணினியை அணைத்துவிட்டு அவரோடு வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் இருந்தன. அவற்றின் மெய்யெழுத்துகள் அவருக்குக் கேட்டிருக்காது. ஆகவே தோளில் கையை வைத்தோம். என்ன என்பது போலத் திரும்பினார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தோம். அவரும் தலையசைத்தார்.

மாணவிக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. அவள் கொடுத்த சொல்லை அகராதியில் தேடிப் போனவர்கள் நாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 தொடங்கி 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் சொற்களுக்குப் பொருள் வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு சொல் யார் விரலில் இருந்து புறப்பட்டு யார் காதுக்குப் போகிறது என்பதை எந்த அகராதியும் தனியே குறிப்பதில்லை. அதை வீட்டில்தான் கற்க வேண்டியிருந்தது.

தொல்காப்பியர் ஏன் மாத்திரைக்கு ஓரளவோடு நிறுத்தாமல் இரண்டு அளவு சொன்னார் என்று மாணவர்கள் அவ்வப்போது கேட்பார்கள். நொடி காதுக்கு, இமை கண்ணுக்கு என்று இப்போது சொல்கிறோம். இது உரையாசிரியர் எவரும் சொன்ன விளக்கம் அன்று, நம் வீட்டு விளக்கம். இருபது ஆண்டாக இந்த நூற்பாவை நடத்தும்போது வகுப்பின் முன் நின்று விரலைச் சொடுக்கிக் காட்டுவதே நம் வழக்கமாக இருந்தது. இந்த ஆண்டு முதலில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து காட்டினோம்.